எஸ்தர் டீச்சரின் படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

எங்கள் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பட்டாசுக் கம்பெனி எதிலும் முடியாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும். காலையில் அதில் போட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் எந்தச் செய்தியும் எனக்கு நேரத்துக்கு வந்ததில்லை. என் மகள் பிளஸ் டூ பாஸான செய்திகூட ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் வந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கேட்டுக்கு வந்தபோது, வாட்ச்மேன் பெட்டியைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒங்க செல்லு மத்தியானத்துல இருந்து கெடந்து கத்துது. எடுத்துப் பேசலாம்னா எந்தப் பொத்தான்னு எனக்குத் தெரியல.”

பதினோரு மிஸ்டு கால். எல்லாமே என் மகள் கனகா. திருப்பிக் கூப்பிட்டேன். “அப்பா, எஸ்தர் டீச்சர் போயிட்டாங்கப்பா” என்றாள். என்னைச் சுற்றிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு நின்றுபோனது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நெஞ்சு நிரம்பியபடி அப்படியே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணி மெதுவாக வெளியே விட்டேன். அந்த ஆறும் டீச்சர் கொடுத்ததுதான்.

நம் காலை யோகா வகுப்புக்காரர்கள் சேர்ந்து டீச்சர் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். நான் பத்தாவதையே இரண்டு தாவலில் தாண்டியவன். லோடு சீட்டு தவிர எதையும் எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் விடவில்லை. “அந்தக் கதையில வர்ற ஆளே நீங்கதான அண்ணாச்சி, நீங்க எழுதாம எப்படி?” என்றார்கள்.

அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே டீச்சர் சொல்லிவிடுவார். “ஆளப் பத்திக் கேக்காம யோகாவக் குடுத்தேன். ஒரு போர்மேனையும் அவர் கூட நின்னவுகளையும் கொல்லப் பாத்தேன். அதனால இப்பக் கேக்கேன். சொல்லுங்க, நாள் முழுக்க என்ன வேல பாக்கீக?” நான் இடதுபக்கச் சுவரோரம் பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னுடைய அடக்கம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை. நீங்கள் கேட்டது பாதிக் கதை. மீதிப் பாதி ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது.

டீச்சரைப் பார்க்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எஸ்தர் டீச்சர் நம்மூர்ப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். யோகா சொல்லிக்கொடுப்பவர் என்றால் காவி, ருத்ராட்சம், ஊதுபத்தி என்று மனசில் ஒரு படம் ஓடும் அல்லவா? இவர் காட்டன் சேலை, கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழு. மற்ற ஆறு நாளும் காலை ஐந்தரைக்குப் பள்ளி வராந்தாவில் நமக்கு வகுப்பு. சூரிய நமஸ்காரம் என்ற பெயரைச் சொல்லமாட்டார், அதில் பன்னிரண்டு நிலை என்பதால் ‘பன்னெண்டு’ என்பார். “பேரச் சொன்னா எங்க ஆளுகளுக்குக் கோவம். சொல்லாட்டி ஒங்க ஆளுகளுக்குக் கோவம். நம்பருக்கு யாரும் கோவப்பட மாட்டாக.” கண்ணை மூடிச் சவாசனத்தில் கிடப்பவர்களை எழுப்பவும் அதே விசில்தான். செத்தவனும் எழுந்து வரிசையில் நிற்பான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது யோகாவின் மேல் இருந்த ஆசையால் அல்ல. எங்கள் கம்பெனி வெம்பக்கோட்டை போகும் ரோட்டில் இருக்கிறது. அங்கே வெடிமருந்து கலக்கும் அறைக்கு நான்தான் போர்மேன். வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து எங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம் அவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை அடித்தார்.

“நூத்தி எழுபது, கீழ நூத்திப்பத்து. மாத்திரை எழுதுறேன், தெனமும் போடணும். உப்பைக் குறைங்க. யோகா மாதிரி ஏதாவது பழகுங்க. மூணு மாசம் கழிச்சு வருவேன், அதுவரைக்கும் ஆபீஸ்ல சொல்லல. அப்பவும் இப்படியே இருந்தா கலவை ரூமுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கையெழுத்து இல்லை என்றால் போர்மேன் இல்லை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வேண்டும். பதினேழு வயதில் உள்ளே போனவன், இருபத்தைந்து வருடத்தில் ஏறி வந்த ஒரே படி அது. வீட்டில் போய்ச் சொன்னேன். என் சம்சாரம் கரண்டியும் கையுமாக நின்று, “ஒங்களுக்கா பிரஷரு? ஒங்களால எங்களுக்குல்லா இருக்கணும்” என்றாள். கனகா சிரிக்கவில்லை. அப்போது அவள் பத்தாவது. “எங்க டீச்சர் யோகா நடத்துறாங்கப்பா. நாளைக்கே வாங்க” என்றாள்.

நான் நாளைக்கே போகவில்லை. யோகாவில் எது நல்லது என்று முதலில் விசாரித்தேன். அது பெரிய தப்பு. அப்போது நம்மூரில் யோகாவுக்குச் சீசன். டி.வி.யைப் போட்டால் காலையில் ஒரு சாமியார் வயிற்றை உள்ளேயும் வெளியேயும் அடித்துக்கொண்டிருப்பார். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் முகாம். அதற்குப் போனவர்கள் பார்ப்பவர்களிடமெல்லாம் அன்பாகப் பேசிப் பயமுறுத்தினார்கள். என் சகலை மதுரைக்குப் போய் வந்தான். அங்கே கயிறும் கட்டையும் நாற்காலியும் வைத்துக்கொண்டு ஒரே நிலையில் நிற்கவைப்பார்களாம். “நாற்காலியில ஒக்காரவா மதுரைக்குப் போன?” என்று கேட்டேன், ஒரு மாதம் பேசவில்லை. பேப்பரில் பவர் யோகா என்று ஒன்று போட்டிருந்தார்கள். இன்னொன்று, வெளிநாட்டில் அறையைச் சூடாக்கிக்கொண்டு அதற்குள் செய்வதாம். சித்திரை மாதத்தில் எங்கள் ஷெட்டுக்கு வந்தால் அது இலவசம். எல்லோரும் தங்களுடையதுதான் அசல் என்றார்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறவர்கள்கூட இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டார்கள்.

எனக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அதனால் எது வேகமோ அதுதான் நல்லது என்று முடிவுக்கு வந்தேன். ரத்தக் கொதிப்பைக் குறைக்க வேகத்தைத் தேடிப்போன அறிவாளி இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டீச்சரின் வராந்தாவில் அப்போது இரண்டு வரிசை. வலதுபக்கம் வேக வரிசை: பன்னெண்டை மூச்சு வாங்க இருபது தடவை, அப்புறம் வயிற்றைத் தட்டித் தட்டி விடும் கபாலபாதி, கடைசியில் மூச்சை இழுத்து உள்ளேயே நிறுத்துவது. இடதுபக்கம் மெதுவான வரிசை: மல்லாந்து படுத்துக் கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். யார் எந்த வரிசை என்பதை டீச்சர் ஒரு படிவத்தை வைத்துப் பிரிப்பார். ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள். பத்துக் கேள்வி. வயது, எடை, ஆபரேஷன், சர்க்கரை, மூட்டுவலி. ஆறாவது கேள்வி ரத்த அழுத்தம்.

பேனாவை ஆறாவது கேள்வியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். வலதுபக்க முன்வரிசையில் எங்கள் கம்பெனி மேனேஜர் சார் துண்டை உதறி விரித்துக்கொண்டிருந்தார். “என்னவே போர்மேன், நீரும் வந்துட்டீரா? வாரும் வாரும், நம்ம பக்கம் வாரும்” என்றார். ‘இருக்கிறது’ என்று எழுதினால் டீச்சர் என்னை இடதுபக்கம் போகச் சொல்வார். ஏன் என்று மேனேஜர் கேட்பார். மூன்று மாதம் கழித்து டாக்டர் சொல்ல வேண்டியதை அன்றைக்கே நானே சொன்னது போல் ஆகிவிடும். கொஞ்சம் வீம்பும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் வார்டில் படுக்க மனசு வரவில்லை.

‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்துக்கூட அன்றைக்கு அழகாக விழுந்தது.

வேக வரிசையில் நான் நன்றாகச் செய்தேன் என்று சொன்னால் பொய். குனிந்தால் என் கை முழங்காலோடு நின்றுவிடும். “அண்ணாச்சி, தரை கீழ இருக்கு” என்பார் டீச்சர். ஆனால் மூச்சை நிறுத்துவதில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. டீச்சர் எண்ணுவார். முப்பதில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். நாற்பத்தைந்தில் மேனேஜர் சார் இருமிக்கொண்டே விடுவார். நான் எண்பது வரை கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். “இத எங்க பழகுனீக?” என்று டீச்சர் ஆச்சரியமாகக் கேட்டார். “பெறவியிலயே இருக்கு டீச்சர்” என்றேன்.

பிறவியில் வந்ததில்லை. கலவை அறையில் வந்தது. அங்கே மருந்தைச் சலிக்கும்போது பொடி பறக்கக் கூடாது. மூக்கில் துணி கட்டியிருந்தாலும் எங்கள் மூச்சு அதன்மேல் படக் கூடாது என்று ஒரு பயம். யாரும் சொல்லித்தருவதில்லை, முதல் நாள் உள்ளே போனவுடன் மூச்சு தானாக நின்றுவிடும். சல்லடையை வைத்த பிறகு ஒரு இழுப்பு. மறுபடி நிறுத்தம். இருபது வருடம் நான் பாதி மூச்சில்தான் சம்பாதித்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

ஐந்தாவது வாரம். அக்கினி நட்சத்திரம். டாக்டர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் செய்தது போதாது என்று வீட்டிலும் வந்து இரண்டு சுற்று கபாலபாதி அடித்து, எண்பதைத் தொண்ணூறாக்கிவிட்டு வேலைக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்தாக வேண்டும். உள்ளே நானும் மாரியப்பனும். பத்து வருடமாக என்னோடு கலவை அறையில் நிற்பவன். செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, ரப்பர் விரிப்பில் கால் வைத்தோம். அவன் சலித்து முடித்த மருந்து ஒரு தட்டில் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்து மேஜைக்கு மாற்ற வேண்டும். நான்கே எட்டு தூரம்.

தட்டைத் தூக்கினேன். வழக்கம்போல் மூச்சு நின்றது. இரண்டாவது எட்டில் காதுக்குள் வண்டு பறந்தது. மூன்றாவதில் கதவு வழியாகத் தெரிந்த வேப்பமரம் கறுத்துப்போனது. தட்டு என் கையில்தான் இருந்தது. ஆனால் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்து ஷெட்டில் பதினாலு பெண்கள் குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அதுதான் கடைசியாகக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது ரப்பர் விரிப்பில் குப்புறக் கிடந்தேன். தாடையில் ரத்தம். மாரியப்பன் என் பக்கத்தில் இல்லை. இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு சிலை மாதிரி நின்றான். ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. முகம் வெளுத்திருந்தது. தட்டை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு வந்துதான் என்னைத் தூக்கினான்.

“ஏலே, என்னயப் பிடிக்காம தட்டப் பிடிச்சியா?” என்றேன்.

“அண்ணாச்சி, நீங்க விழுந்தா எந்திரிச்சுக்கிடலாம். அது விழுந்திருந்தா அந்தப் பதினாலு பேரும் எந்திரிக்க மாட்டாக” என்றான்.

யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். கால் வழுக்கியது என்று ஆபீஸில் சொன்னோம். வீட்டில் பாத்ரூம் வழுக்கியது என்று சொன்னேன். ஒரே நாளில் இரண்டு இடத்தில் வழுக்கியவன். கனகா என் தாடைப் பிளாஸ்திரியையே பார்த்தாள். “டீச்சர்ட்ட பிரஷர் இருக்குன்னு சொன்னீங்கதானப்பா?” என்றாள். “சொல்லாம இருப்பேனா” என்றேன்.

மறுநாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. வேலைக்கு மட்டும் போனேன். சாயங்காலம் வேலை விட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் மொபெட்டை நிறுத்திவிட்டு எஸ்தர் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். விசில் கழுத்திலேயே இருந்தது. மாரியப்பனை ஓரமாக நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் போகும்போது அவன் மூக்கில் துணி கட்டுவது போலவும் சல்லடை பிடிப்பது போலவும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நடிக்கும்போதே அவன் மூச்சு நின்றது. டீச்சர் அவன் நெஞ்சையே பார்த்தார்.

“தம்பி, மூச்ச விடுங்க” என்றார்.

அவன் திடுக்கிட்டு விட்டான். “ஆமா, மூச்சு நிக்கி” என்றான், என்னமோ புதுசாகக் கண்டுபிடித்தவன் போல.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்தது திட்டு. பள்ளியில் அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஆனால் குரல் இறங்கிப்போயிருந்தது. “பத்துக் கேள்வி வச்சேன் அண்ணாச்சி. என்ன வேலன்னு ஒரு கேள்வி வைக்கல. நாள் முழுக்க மூச்ச அடக்குற மனுசன எழுப்பிக் கொண்டாந்து, இன்னும் அடக்கு இன்னும் அடக்குன்னு எண்ணிருக்கேன்.” பிறகு கேட்டார்: “வேற எதும் இருக்கா? எங்கிட்டச் சொல்ல வேண்டியது?”

ஆட்கள் சைக்கிளோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். மேனேஜரின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

“ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றேன்.

“சரி. ஒரு வாரம் லீவு போடுங்க. நாளைக்கே டாக்டரப் பாருங்க. மாத்திர எதும் குடுத்தாருன்னா ஒழுங்காப் போடுங்க. மாத்திரைக்குப் பதிலா யோகான்னு எவன் சொன்னாலும் நம்பாதீக, நானே சொன்னாலும்.” மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். அதுவரை நான் மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவேன். அன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டேன். பயம்தான்.

ஒரு வாரம் கழித்து வகுப்புக்குப் போனேன். டீச்சர் விசில் ஊதி இரண்டு வரிசையையும் எழுப்பி நிறுத்தினார். நடந்ததைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. ‘ஒரு போர்மேன்’ என்றார். வராந்தாவில் இருந்த ஒரே போர்மேனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “தப்பு என்னோடது. கேக்காமக் குடுத்தேன். இனிமே வேக வரிசை கெடையாது. புதுசா வர்றவுக யாரா இருந்தாலும் மெதுவாத்தான் ஆரம்பிக்கணும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நான் சொன்னதுல எதும் விட்டுப்போச்சா?”

மேனேஜர் சார் எனக்கு மூன்றடி தள்ளி நின்றார். அவர் போட்டிருந்த பவுடரின் வாசனைகூட வந்தது. டாக்டர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். ஒரே வார்த்தை.

“இல்ல டீச்சர்.”

அடுத்த வாரம் வலதுபக்கத்தில் பாதிப் பாய் காணோம். “டீச்சருக்கே தெரியலியாம்ல” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் சாரும் அதை யோகாவால் வந்த மயக்கம் என்றே விட்டுவிட்டார். மண்டப முகாமுக்கும் டி.வி. சாமியாருக்கும் ஆள் கூடியது. இருபது வருடம் பிள்ளைகளை ஓடவைத்து, தாண்டவைத்து, ஒரு பிள்ளைக்குக்கூடக் கால் பிசகாமல் பார்த்துக்கொண்டவர். அந்தப் பெயருக்கு என்னால் ஒரு கீறல் விழுந்தது. அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு இடதுபக்கம் பாயை நகர்த்திப் போடச் சொன்னார்.

அங்கேதான் நான் யோகா கற்றேன். மல்லாந்து படுத்துக் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொள்வது. கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. உள்ளே மூன்று எண்ணிக்கை, வெளியே ஆறு. எங்கேயும் நிறுத்தக் கூடாது. நான்தான் தாங்காமல் கேட்டேன், “டீச்சர், இதுவும் யோகாதானா?”

“சின்னப் பிள்ளைக்கு மொதல்ல எந்த வெடியக் கையில குடுப்பீக?”

“கம்பி மத்தாப்பு.”

“பெறகு நீங்க மட்டும் ஏன் சரவெடியில ஆரம்பிக்கணுங்கீக?”

படிவத்தில் பதினொன்றாவது கேள்வி ஏறியது. ‘நாள் முழுக்க உங்கள் உடம்பு என்ன செய்கிறது?’ அதற்கு வந்த பதிலை வைத்தே ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து குனிந்து மருந்து அடைக்கும் பெண்களுக்குக் குனியும் ஆசனமே கிடையாது. நின்று நெஞ்சை விரிப்பதும் பின்னால் வளைவதும்தான். லோடு தூக்குகிறவனுக்குப் படுக்கை. பேங்க் கிளார்க்குக்கு நிற்பது. “ஒலகத்துல நூறு யோகா இருக்கட்டும். ஒடம்பு தெனமும் எதச் செய்யுதோ அத யோகாவுலயும் செய்ய வைக்காதீக. அதுக்குக் கெடைக்காததக் குடுங்க. அம்புட்டுதான்.” எந்த யோகா நல்லது என்று ஊரெல்லாம் விசாரித்த எனக்கு அதைவிட நல்ல பதிலை யாரும் சொன்னதில்லை. மாரியப்பனும் வந்து சேர்ந்தான். முதல் நாளே தூங்கிவிட்டான். விசிலுக்கும் எழுந்திருக்கவில்லை. “இவருக்கு இதுதான் கெடைக்கல போல, விடுங்க” என்றார் டீச்சர்.

டாக்டர் வந்தார். பட்டை சுற்றிக் காற்றடித்தார். அந்த இரண்டு நிமிஷம் மூச்சு நிற்கப் பார்த்தது. ஆறு எண்ணி விட்டேன். நூற்றி முப்பத்தாறு, எண்பத்தாறு. கையெழுத்துப் போட்டார். என் போர்மேன் வேலை பிழைத்தது. அன்றைக்கே டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. புதிதாக ஒவ்வொருவர் சேரும்போதும் அவர் அந்தக் கதையைச் சொல்லுவார். நான் தரையைப் பார்ப்பேன். ஐந்து வருடத்தில் அந்த வராந்தாவின் சிமெண்டு வெடிப்பு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.

போன வருடம் டீச்சருக்குக் கட்டி என்றார்கள். மதுரையில் வைத்தியம். ஊரில் நாக்குக்கு எலும்பா இருக்கிறது? “யோகா பண்ணியுமா இப்படி?” என்றார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. பார்க்கப் போன எங்களிடம் அவரே சொன்னார்: “சாகாம இருக்கவா யோகா சொல்லிக்குடுத்தேன்? இருக்குற வரைக்கும் ஒழுங்கா மூச்சு விடத்தான சொன்னேன்.” தலையில் துணி கட்டியிருந்தார். கழுத்தில் விசில் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

என் சம்சாரமும் கனகாவும் வெளியே போன நேரம் பார்த்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “டீச்சர், அந்தப் படிவத்துல ஆறாவது கேள்விக்கு நான் பொய் எழுதுனேன். எனக்கு அப்பவே நூத்தி எழுபது.”

“தெரியும்” என்றார்.

“எப்படி டீச்சர்?” என்றேன்.

“நீங்க விழுந்த மறுநாளே கனகா அழுதுக்கிட்டு வந்து சொல்லிட்டா. சொன்னத ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

“பெறகு ஏன் டீச்சர் எல்லாத்தையும் ஒங்க மேல போட்டுக்கிட்டீக? எத்தன பேரு வகுப்ப விட்டுப் போனாக!”

மூச்சு வாங்கியது அவருக்கு. கண்ணை மூடி வெளியே விட்டார். உதடு அசைந்ததில் ஆறு வரை எண்ணியது தெரிந்தது. “கேக்காதது என் தப்பு. மறைச்சது ஒங்க தப்பு. நான் என் தப்பத்தான் சொன்னேன் அண்ணாச்சி. ஒங்க தப்ப நான் எப்படிச் சொல்ல? அது நீங்க சொல்ல வேண்டியது. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வாட்டி கேட்டேன், வராந்தாவுல ஒரு வாட்டி கேட்டேன். தாளையும் சேத்தா மூணு. மூணு வாட்டியும் இல்லன்னுட்டீக.” சிரித்தார். “இப்பச் சொல்லிட்டீகல்ல, போதும்.”

“போதுமா டீச்சர்?”

“எனக்குப் போதும். வேல போயிரும்னு பயந்தா ஒங்க ஆளுக ஒங்ககிட்ட உண்மையச் சொல்லுவாகளா? அத யோசிங்க.”

அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

இரண்டு விஷயம் டீச்சரிடமிருந்து என்னிடம் இருக்கிறது. ஒன்று அந்த ஆறு எண்ணிக்கை. இன்னொன்று பதினொன்றாவது கேள்வி. மதுரையிலிருந்து வந்த மறுநாளிலிருந்து, கலவை அறைக்குள் போகும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: “ஒடம்பு எப்படி இருக்கு? தலை சுத்துதா? தூங்குனீகளா?” சரியில்லை என்று சொன்னவரை வேறு வேலைக்கு மாற்றி, அடுத்த வாரம் அதே இடத்துக்குத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் மாரியப்பன் சொன்னான், “இன்னைக்குக் கண்ணக் கட்டுது அண்ணாச்சி, நான் உள்ள வரல” என்று. இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆனால் கேட்பவன் முதலில் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால்தான் இதை எழுதினேன். வராந்தாவில் பாய் விரித்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: எஸ்தர் டீச்சர் என்னைக் கொல்லப் பார்க்கவில்லை. படிவத்தில் ரத்த அழுத்தம் என்ற கேள்வி இருந்தது. அதற்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியது என் கை.

இந்தப் புத்தகத்தின் முதல் பிரதி மேனேஜர் சாருக்குப் போகும். காலை வகுப்பில் அவர்தான் மூத்தவர், கைக்கு வந்த அன்றைக்கே படித்துவிடுவார். மறுநாள் காலையில் செல்போனைக் கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவேன். அவர் கூப்பிட்டு அனுப்பினால் ஆபீஸ் படியில் ஒரு நிமிஷம் நிற்பேன். மூச்சு நிற்கும், எனக்குத் தெரியும். ஆறு வரை எண்ணி விட்டுவிட்டு உள்ளே போவேன், டீச்சர்.